ராகுகாலத்தில் இறுகிய பசை

என் அறைக் கதவு தானாகவே சாத்திக்கொள்ளும். அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு பசைக் கட்டி வைத்திருக்கிறேன். வாளியின் அடிப்பாகம் எப்படியோ அப்படியே வட்டமாக, பனங்கட்டி நிறத்தில், உள்ளுக்குள் குமிழிகளும் வெடிப்புகளுமாக இருக்கும். அதன் நடுவில் ஒரு சிரட்டை அகப்பை நட்டுவைத்ததுபோல் நிற்கிறது. காம்பைப் பிடித்துத் தூக்கினால் கட்டியும் சேர்ந்து வரும். எத்தனை இழுத்தாலும் அகப்பை மட்டும் தனியே வராது. வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்து பார்ப்பார்கள். ஒருவர் முகர்ந்துகூடப் பார்த்தார். “அண்ணி கிண்டின அல்வா” என்று சொல்லிவிட்டு நான் பேச்சை மாற்றிவிடுவேன். உட்கார்ந்து முழுக்கதையும் சொல்ல எனக்குப் பொறுமை இருந்ததில்லை. பனிக்காலம் தொடங்குகிற இந்த நாட்களில் என்னவோ, வேலையால் வந்தால் வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடக்கிறேன். நடப்பதைவிட எழுதுவது நல்லது என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணி என் மூத்த அண்ணையின் மனைவி. ஆள் நல்ல கட்டை. அண்ணையின் தோளுக்குக்கூட எட்டமாட்டார். ஆனால் சதைப்பிடிப்பான உடம்பு, நடந்தால் வீடு அறியும். பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில், செயின்ட்-மிஷேலில் ஒரு இரண்டு மாடி வீட்டில் இருந்தோம். மேலே அண்ணை குடும்பம், கீழே நான், பின்பக்கத்தில் ஒரு கராஜ். என் கலியாணம் முறிந்துபோன பிறகு அண்ணைதான் என்னைக் கூட்டிவந்து கீழ்வீட்டில் இருத்தினார். பிறகு அண்ணை நெஞ்சுவலியில் போய்விட்டார். மகன் ரொறன்ரோவில் வேலை கிடைத்துப் போனான். மேலே அண்ணி மட்டும் மிஞ்சினார். அப்போதுதான் அந்த நடை தொடங்கியது. குசினியிலிருந்து முன்னறைக்கு, முன்னறையிலிருந்து குசினிக்கு, என் தலைக்கு நேர் மேலே. முதலில் எரிச்சலாக இருந்தது. போகப் போக, அந்தச் சத்தம் கேட்காவிட்டால் என்னவோ ஏதோ என்று படியேறி எட்டிப் பார்க்கிற அளவுக்கு ஆகிவிட்டேன். ஒரு இடத்தில் இருங்கோவன் என்று கேட்டால், “இருந்தா என்ன வரும்?” என்று திருப்பிக் கேட்பார்.

அண்ணி பல வருடங்கள் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தவர். சட்டைக் கொலருக்குள் விறைப்புத் துணியை வைத்து, சூடும் அமுக்கமும் கொடுத்து ஒட்டுகிற மெஷின் அவருடையது. அந்தத் தொழிற்சாலை மூடியதும், குழந்தைகள் காப்பகம் ஒன்றில், இங்கே எல்லோரும் கார்டெரி என்பார்களே, அங்கே சமையலுக்குப் போனார். ஒரு பனிக்காலம் அந்தப் பிள்ளைகளை வடக்கே மலைச்சரிவுக்குக் கூட்டிப்போனபோது, துணைக்கு ஆள் போதாமல் அண்ணியையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். சாப்பாட்டுப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு கீழே நிற்கப் போனவர் தானும் காலில் பூட்டிப் பனியில் சறுக்குகிற ஸ்கீப் பலகை ஒரு சோடி வாடகைக்குக் கேட்டிருக்கிறார். அவர் உயரத்தைப் பார்த்த கடைக்காரப் பெடியன் யோசிக்காமல் சிறுபிள்ளைகளின் ஸ்கீயைத் தூக்கிக் கொடுத்திருக்கிறான். இரண்டு பலகையிலும் தொப்பி போட்ட ஒரு கரடி சிரித்துக்கொண்டிருந்ததாம்.

அன்று அவர் வீட்டுக்கு வந்து இறங்கிய கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முழங்காலில் சிராய்ப்பு, பூட்ஸ் முழுக்கத் தண்ணீர், முகம் மட்டும் சூடுபட்டதுபோல் சிவந்திருந்தது. சரிவில் வந்த வேகத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல மூச்சு வாங்கியது. அந்தக் கொஞ்ச நேரத்துக்குத் தலைக்குள் ஒன்றுமே ஓடவில்லை என்றார். அண்ணை போனபிறகு அப்படி ஒரு நேரம் தனக்கு வாய்க்கவில்லை என்றார். உடனேயே கரடி ஞாபகம் வந்துவிட்டது. “அம்பது தாண்டின மனிசிக்குக் கரடி, தம்பி. அதுவும் தொப்பியோடை.”

புதிது வாங்கலாமே என்று நானும் இரண்டு மூன்று கடைக்குக் கூட்டிப்போனேன். பெரியவர்களின் ஸ்கீ அவருக்கு நீளம் கூடியது, திரும்ப முடியாது. சிறுபிள்ளைகளின் ஸ்கீ உயரத்துக்குச் சரி, ஆனால் அது சிறுபிள்ளையின் பாரத்துக்குச் செய்தது. அண்ணி ஏறி நின்றதும் நடுவில் தொய்ந்து முனைகள் மேலே கிளம்பிவிடும். கட்டையாகவும் வேண்டும், விறைப்பாகவும் வேண்டும். அப்படியொரு சாமானை யாரும் செய்துவைக்கவில்லை, ஏனென்றால் அப்படியொரு ஆள் மலைக்கு வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அதைக் கேட்டு அண்ணி வருத்தப்படவில்லை. வீட்டுக்கு வந்து ஃபோனில், கராஜுக்குள் ஸ்கீ செய்கிறவர்களின் வீடியோக்களைத் தேடத் தொடங்கினார். மூன்றாவது வீடியோவிலேயே படியிறங்கி வந்து என் கதவைத் தட்டினார். மரம், கண்ணாடி நார்த் துணி, பசை, பிறகு சூடு, அமுக்கம், நேரம். கொலர் ஒட்டுவதும் இதுவும் ஒன்றுதான் என்றார்.

அதே கிழமைதான் ரொறன்ரோவிலிருந்து மகன் அழைத்தான். மருமகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகிறது. கோடை வருமுன் வீட்டை விற்றுவிட்டு அம்மா தங்களோடு வந்துவிட வேண்டும் என்றான். அவன் கேட்டதில் பிழை இல்லை. அம்மா இங்கே தனியாக இருக்கிறாரே என்ற கவலையும் அவனுக்கு இருந்தது. அவன் வாய்விட்டுச் சொல்லாத இன்னொன்றும் இருந்தது. அண்ணை போன வீட்டில் மேலே அண்ணி, கீழே கொழுந்தன். கோயிலில் இரண்டு பேர் இதைப் பற்றி ஏற்கெனவே வாயைக் கோணியிருந்தார்கள். அண்ணி எனக்குத் தாய்க்குச் சமன். இருந்தும், போகாதீர்கள் என்று ஒரு சொல் நான் சொன்னால் அது எங்கெங்கே போய் என்னென்ன உருவம் எடுக்கும் என்று தெரியும். அதனால் வாயைத் திறக்கவில்லை. அண்ணி மகனுக்கு ஓம் என்று சொல்லிவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, அப்ப எங்களுக்கு இந்த ஒரு பனிக்காலம்தான் இருக்கு என்றார். பனி கரைய முன்னம் ஸ்கீயைச் செய்து, அதில் நின்று ஒருதரமாவது மலையால் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைத் தொட்டிலும் பால் போத்தலும்தான். அதற்குப் பிறகு யார் மலைக்கு விடுவார்கள்?

அமுக்குகிற பிரெஸ்ஸைச் செய்வது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. நான் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். அங்கே பெட்டி அடுக்கி வளைந்துபோன தட்டுக்களின் இரும்புச் சட்டங்களைக் கழித்துப் போடுவார்கள். மேலாளரைக் கேட்டு ஏற்றி வந்தேன். வெல்டிங் தெரிந்த ஒருவர் ஒட்டிக் கொடுத்தார். கீழே ஸ்கீயின் வளைவில் செதுக்கிய மர அச்சு, மேலே பழைய தீயணைப்புக் குழாய் ஒன்று. இரண்டு முனையையும் இறுக்கி அடைத்துக் காற்று அடித்தால் குழாய் பருத்து, நடுவில் இருப்பதை அச்சோடு சேர்த்து நெரிக்கும். ஒரு தடவைக்கு ஒரு பலகைதான். இரும்பு கராஜில் ஏறி நின்றபோது நானே கொஞ்சம் பெருமையாகப் பார்த்தேன். அமுக்கம் தயார். நேரம் கடிகாரத்தில் இருக்கிறது. சூடுதான் இல்லை. வெளியே தை மாதம், கராஜுக்குள் வாய் திறந்தால் புகை வந்தது. அந்தக் குளிரில் பசை தேன்போல் கிடக்கும், இறுகாது. பனிக்காலம் முழுக்க எங்களை ஆட்டிவைத்தது இந்தச் சூடுதான்.

முதலில் மின்கம்பளி. அம்மாவின் முழங்கால் வலிக்கென்று மகன் வாங்கி அனுப்பியது. அண்ணி அதைத் தன் முழங்காலிலிருந்து உருவி ஸ்கீயைச் சுற்றினார். நித்திரை கொள்கிறவர்கள் எரிந்து போய்விடக் கூடாது என்று செய்த சாமான் அது; கொஞ்ச நேரத்தில் தானாகவே அணைந்துவிடும். அண்ணி படியேறுவதும் இறங்குவதும் சுவிட்சைத் தட்டுவதுமாக இருந்தார். அவருக்கு அது பிடித்துத்தான் இருந்தது, நடக்க ஒரு காரணம் கிடைத்ததே. ஆனால் வந்த சூட்டையெல்லாம் இரும்பு குடித்துவிட்டது. மடிப்பு விழுந்த ஓரிடத்தில் மட்டும் கம்பளி கருகியது. அடுத்த நாள் காற்றை விட்டு எடுத்தபோது பலகை பலகையாகவே இல்லை. நார்த் துணி ஒரு பக்கம், மரம் ஒரு பக்கம், நடுவில் கூழ். முழங்கால் வலி நின்றுவிட்டதா என்று மகன் கேட்டதற்கு, நல்ல சுகம் என்று அண்ணி முகம் மாறாமல் சொன்னார்.

அடுத்தது மின்குமிழ்கள். மகன் வீட்டுக் குமிழ்களையெல்லாம் புது மாதிரிக்கு மாற்றியபோது, அண்ணி பழையவற்றை எறியவிடாமல் ஒரு பெட்டியில் கட்டிவைத்திருந்தார். பழைய குமிழுக்கு வெளிச்சத்தைவிடச் சூடுதான் அதிகம். நுரைப்பலகையால் பிரெஸ்ஸைச் சுற்றிக் கூடு கட்டி, குமிழ்களை வரிசையாகத் தொங்கவிட்டோம். எரியும்போது கலியாண வீடு மாதிரி இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் பார்த்து என்ன செடி வளர்க்கிறீர்கள் என்று சந்தேகத்தோடு கேட்டார். இம்முறை பசை இறுகியது. பலகையை எடுத்து அண்ணி தட்டிப் பார்த்தார், நல்ல சத்தம். எங்கள் சந்தோஷம் அதை வெளியே குளிரில் வைக்கும்வரைதான். சூடு மேல்பக்கம் மட்டும் போயிருந்தது, அடிப்பக்கம் இரும்பின் குளிரில் கிடந்தது. இரண்டும் வெவ்வேறு சூட்டில் இறுகியதால், குளிர்ந்ததும் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டன. காலையில் பார்த்தால் பலகை தோணிபோல் வளைந்து கிடந்தது. நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை. இரண்டு தரமும் நேரம் பார்க்காமல் தொடங்கியதுதான் பிழை என்றார்.

அங்கேதான் ராகு வந்து சேர்ந்தார். மூன்றாவது முயற்சிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணி வீட்டில் இரண்டு கலண்டர்கள் தொங்கும். ஒன்று இங்குள்ள கோயில் கொடுத்தது, இந்த ஊர்ச் சூரியனுக்குக் கணித்தது. அதன்படி ஞாயிறு ராகுகாலம் பொழுது படுவதோடு முடிந்துவிடும், தை மாதத்தில் இங்கே பொழுது படுவது மிகக் கெதியில், நாலரை மணியோடு. அதைப் பார்த்துத்தான் பசையைக் கலந்தோம். முழுப் பலகைக்கும் தேவையானதை ஒரே வாளியில் ஊற்றி, அண்ணி ஒரு பழைய அகப்பையால் கிண்டினார். அப்போது எதையோ எடுக்க மேலே போனவர் மற்றக் கலண்டரைப் பார்த்துவிட்டார். அது ஊரிலிருந்து வந்தது. அதில் ஞாயிறு ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு. கடிகாரத்தில் ஐந்துகூட ஆகவில்லை. வந்து அகப்பையை வாளிக்குள் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆறு மணிக்குத் தொடுவோம் என்றார்.

நான் விடவில்லை. “சூரியனே வீட்டை போயிட்டார் அண்ணி. ராகு மட்டும் தனிய நிண்டு என்ன செய்யப் போறார்?” என்று கேட்டேன். ராகு எந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார் என்பதில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம் வந்தது. ஊரில் இப்போது விடியவே இல்லை, அங்கே திங்கட்கிழமை ஆகிவிட்டது என்றேன் நான். அப்படியானால் திங்கட்கிழமை ராகுகாலமும் பார்க்க வேண்டும் என்றார் அவர். நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்த அந்த நேரத்தில் வாளியை யாரும் பார்க்கவில்லை. முதலில் ஒரு மணம் வந்தது, பிளாஸ்டிக் சட்டி அடுப்பில் வைத்ததுபோல். திரும்பினால் வாளியிலிருந்து மஞ்சள் புகை. பசை உள்ளுக்குள் கொதித்து வெடித்துக்கொண்டிருந்தது, வாளியின் விளிம்பு மெழுகுபோல் சரிந்துகொண்டிருந்தது. பனி அள்ளும் சவலால் வாளியை ஏந்திக்கொண்டு போய் முற்றத்துப் பனியில் எறிந்தேன். அது பனிக்குள் குழி தோண்டிக்கொண்டு சீறியபடி இறங்கியது. அண்ணி கராஜ் வாசலில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். அகப்பை குழிக்குள் நேராக நின்றது.

குளிரில் விறைத்துப்போன ஒரு கராஜைச் சூடாக்க வழி தெரியாமல் கிழமைக் கணக்காக அலைந்த எங்களுக்கு, வாளிக்குள் அடுப்பே இருந்திருக்கிறது. பசைக்குத் தன் சூடு உண்டு. ஆழமாக ஒன்றாகக் கிடந்தால் அது சேர்ந்து தன்னைத்தானே எரித்துவிடும். மெல்லியதாகப் பூசினால் உடனே குளிர்ந்துவிடும், அப்போதுதான் வெளியே இருந்து கொடுக்க வேண்டும். அடுத்த நாள் கருகிய வாளியை உரித்துக் கட்டியைக் கழுவி எடுத்துவந்து அண்ணி என் கையில் தந்தார். இனி ராகுகாலம் கலக்க முதல் மட்டும்தான் பார்ப்பது, கலந்த பிறகு பார்ப்பதில்லை என்று தானே ஒரு சட்டம் போட்டார். அதிலும் கோயில் கலண்டரை மட்டும்.

பிறகு கூரைக் கம்பி. இங்கே கூரை ஓரத்தில் ஐஸ் கட்டாமல் இருக்க வளைத்து வளைத்துப் போடுவார்களே, அந்தச் சூட்டுக் கம்பி. அலுமினியத் தகட்டில் அதை ஒட்டி அடியில் வைத்தோம். ஐஸ் உருக்கச் செய்த கம்பிக்கு ஐஸ் உருக்கத்தான் தெரியும். கம்பி ஓடிய இடம் இறுகியும் ஓடாத இடம் பிசுபிசுத்தும் பலகை முழுவதும் வரிவரியாக வந்தது. மாசி பிறந்துவிட்டது. மகன் வீட்டு முகவரை அனுப்பிவிட்டான். முன்முற்றத்தில் விற்பனைப் பலகை நட்டார்கள். அண்ணியின் நடை இன்னும் வேகமானது. நானும் நித்திரையில்லாமல், வேலையில் பெட்டிகளை மாற்றி ஏற்றிக்கொண்டிருந்தேன். யாருடைய ஸ்கீ இது, எனக்கு ஏன் இப்படி நெஞ்சு அடிக்கிறது என்று ஃபோர்க்லிஃப்டில் இருந்து என்னையே கேட்டிருக்கிறேன்.

கடைசியில் ரப்பர் போன்ற இரண்டு சூட்டுப் பாய்களைத் தபாலில் எடுத்தோம். ஒன்று அடியில், ஒன்று மேலே, இரண்டுக்கும் ஒரே சூடு காட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி. முதலிலேயே அதை வாங்கியிருக்கலாம் என்று சொல்லலாம், ஆனால் முதலில் எங்களுக்கு அது தேவை என்றே தெரியாதே. முதல் தடவை போட்டதும் வீடு முழுக்க இருட்டாகிவிட்டது. பிரேக்கர் விழுந்து என் சோறு அரைவேக்காட்டில் நின்றது. அண்ணியின் ஹீட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். பாய்கள் ஒரே சீராகச் சூடேறின. எல்லாம் நன்றாக நடந்தது, அண்ணியைத் தவிர. சூடு போதும் என்று அணைத்த பிறகு, காற்றை விடாமல், அமுக்கத்திலேயே அது மெல்ல ஆற வேண்டும். நான் தேத்தண்ணி போடப் போன இடைவெளியில் அவர் காற்றைத் திறந்துவிட்டார். சுடச்சுட வெளியே வந்த பலகை ஆறும்போது அப்பளம்போல் முறுகிக்கொண்டது. கொலருக்கும் இப்படித்தான், சூட்டோடு கிளப்பினால் குமிழி விடும், அது அவருக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அவரால் இருக்க முடியவில்லை. அன்று எனக்கு வந்த கோபத்தில் அண்ணி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். அவர் முறுகிய பலகையைத் தடவிக்கொண்டு நின்றார்.

மிச்சமிருந்த மரமும் துணியும் சரியாக ஒரு சோடிக்குத்தான் போதும். பங்குனியில் முதல் பலகையை வைத்துச் சூட்டை அணைத்ததும், காற்றுத் திருகுக்குப் பக்கத்தில் நான் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். காவல். அண்ணி எதிரே ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் எழும்பி இரும்பில் கைவைத்துப் பார்ப்பார். விடுவமோ என்பார். இல்லை என்பேன். மறுபடி உட்காருவார். அண்ணை போனபிறகு அவரை அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நான் பார்த்ததில்லை. கராஜ் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. அப்போது என்னைப் பார்க்காமல் இரும்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“போகமாட்டன் எண்டு சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லைத் தம்பி. பேரப்பிள்ளையைப் பாக்கமாட்டன் எண்டு ஆர் சொல்லுவினம்? விருப்பம்தான். ஆனா பிறந்ததிலை இருந்து என்னை ஆரோ ஒராள்தான் கொண்டுபோய் விட்டது. அப்பா கொண்டுபோய் விட்டார். பேந்து உங்கடை அண்ணை இஞ்சை கூப்பிட்டு எடுத்தார். இப்ப மகன் வந்து ஏத்திக்கொண்டு போகப்போறான். ஒருக்காலாவது நானா ஒரு இடத்திலை இருந்து கீழை வரவேணும். ஆரும் பிடிக்காமல்.”

போகாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் அவரைப் பிடிக்கிற இன்னொரு ஆளாக நானும் ஆகிவிடுவேன் என்று பட்டது. “ஓம் அண்ணி” என்றேன். அவர் எழும்பி இரும்பில் கைவைத்தார். இப்போது அது வெறும் இரும்பின் குளிர். திருகை அவரே திறந்தார், காற்று நீளமாகப் போனது. பலகை நேராக வந்தது. அடுத்த ஞாயிறு மற்றது.

மேல்பக்கத் துணியாக அவர் கண்ணாடி நாருக்கு மேல் ஒட்டியது அண்ணை வீட்டில் உடுத்த நீலக் கட்டம் போட்ட சாரம். பசை ஊறியதும் நீலம் கருநீலமாகிப் பளபளத்தது. கரடிக்குப் பதில் உங்கடை அண்ணை நிக்கட்டும் என்றார். பூட்ஸ் கொளுவிகளைப் பூட்டக் கடைக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த இளைஞன் திருப்பித் திருப்பிப் பார்த்து, எந்தக் கம்பனி செய்தது என்று பிரெஞ்சில் கேட்டான். அண்ணி தன் நெஞ்சைத் தொட்டு “முவா” என்றார். நான்தான் என்று அர்த்தம். அவன் சிரிக்கவில்லை, கையைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

பனி இளகத் தொடங்கிய ஒரு ஞாயிறு மலைக்குப் போனோம். நான் பனியில் கால் வைத்தால் விழுகிற ஜாதி. ஃபிளாஸ்கில் தேத்தண்ணியோடு கீழே நின்றேன். உச்சியில் கதிரை லிஃப்டால் இறங்கும்போதே அண்ணி விழுந்தது தூரத்திலிருந்து தெரிந்தது. யாரோ கைகொடுக்கக் குனிந்தார்கள், அவர் கையை ஆட்டி மறுத்துவிட்டுத் தானே எழும்பினார். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் மேலேயே நின்றார் என்று தெரியாது, எனக்கு அது ஒரு யுகம். பிறகு வந்தார். கால் இரண்டையும் அகட்டி, பின்பக்கத்தைத் தள்ளிக்கொண்டு, பார்க்க வடிவாக ஒன்றும் இல்லை. அந்தப் பலகைகள் அவர் பாரத்தைத் தாங்கின, ஒரு இடத்திலும் தொய்யவில்லை. எனக்குக் கண் கலங்கியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். கிட்ட வந்ததும் நான் ஃபிளாஸ்கைத் தூக்கிக் காட்டினேன். அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. என்னைத் தாண்டி நேரே போய் லிஃப்ட் வரிசையில் மறுபடி நின்றுகொண்டார். தேத்தண்ணி முழுவதையும் நானே குடித்தேன்.

வைகாசியில் மகன் வந்து ஏற்றிக்கொண்டு போனான். ஸ்கீ இரண்டும் அவனுடைய வான் வண்டியின் கூரையில் கட்டிப் போயின. வீட்டை வாங்கியவர்கள் என்னைக் கீழே இருக்க விட்டார்கள். இரும்பை யாராலும் அசைக்க முடியாததால் அதுவும் கராஜிலேயே நின்றுவிட்டது. இப்போது அதன்மேல் அவர்களின் கோடைக் கதிரைகள் அடுக்கியிருக்கின்றன. ஞாயிறுதோறும் அண்ணி அழைப்பார். பேரன் தவழ்கிறான், பேரன் கதைக்கிறான், பேரன் பள்ளிக்கூடம் போகிறான். முழங்கால் நோகிறது. கோயிலில் கூட்டம். ஒவ்வொரு பனிக்காலமும் நான் தயங்கித் தயங்கி, ஸ்கீ எப்படி இருக்கிறது என்று கேட்பேன். “கிடக்குது” என்பார். ஒரே ஒரு சொல். அதற்குமேல் கேட்க முடியாதபடி சொல்வார். கிடக்குது என்பதைக் கேட்கும்போதெல்லாம், எங்கோ ஒரு நிலக்கீழறையில் தூசி படிந்து அது கிடப்பது கண்ணில் வரும். ஃபோனை வைத்துவிட்டு நான் நடப்பேன். இதற்குத்தானா அந்த அலைச்சல் என்று ரொறன்ரோ மீதே கோபம் வரும்.

போன இலையுதிர்காலத்தில் அண்ணி போய்விட்டார். காலையில் குசினியில் நின்றபடி விழுந்தாராம், படுக்கையில் கிடக்கவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த மறுநாள் பெறாமகன், அண்ணையின் மகன், நிலக்கீழறையை ஒதுக்கிக்கொண்டிருந்தான். நானும் கூட நின்றேன். பழைய பிள்ளை வண்டிக்குப் பின்னாலிருந்து ஸ்கீயை இழுத்து எடுத்தான். “சித்தப்பா, இதை ஆருக்குக் குடுக்கிறது? அம்மா இஞ்சை வந்தாப் பிறகு ஒருநாளும் இதைத் தொடேல்லை” என்றான்.

கையில் வாங்கினேன். தூசி இல்லை. திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுவதும் கீறல். நெடுகிலும், குறுக்கிலும், கல்லில் உரசியது, ஐஸில் உரசியது, கீறலுக்கு மேல் கீறல். ஒரு ஞாயிற்றில் வருகிற கீறல் அல்ல அது. இரும்பு ஓரங்கள் பல தடவை அராவித் தேய்ந்திருந்தன. மெழுகு பூசி வழித்திருந்தது, நகத்தால் சுரண்டினால் வந்தது. முனையில் அண்ணையின் சாரம் ஒரு பலகை மற்றதில் ஏறி ஏறித் தேய்ந்து நூல் தெரிந்தது. அந்த நகரத்துக்குள்ளேயே ஒரு சின்னச் சரிவு இருக்கிறதாம், பஸ்ஸிலேயே போகலாமாம் என்று பிறகு விசாரித்து அறிந்தேன். மகனும் மருமகளும் வேலைக்கு, பேரன் பள்ளிக்கூடத்துக்கு. பகல் முழுவதும் அவருடையது. எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. என்னிடம்கூடச் சொல்லவில்லையே, நான் யார், காற்றுத் திருகுக்குக் காவல் இருந்தவன். அடுத்த நிமிடம் அந்த இடத்திலேயே சிரிக்க வேண்டும்போல் இருந்தது. யாரும் கொண்டுபோய் விடாமல், யாரும் கீழே ஃபிளாஸ்கோடு நிற்காமல், தானே போயிருக்கிறார், தானே வந்திருக்கிறார்.

பெறாமகனிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் மூடிவைத்ததைத் திறக்க நான் யார்? “ஆருக்கும் சரிவராது” என்று மட்டும் சொன்னேன். அது உண்மை. உயரமானவர்களுக்கு அது கட்டை. அந்த உயரத்தில் இருக்கிற பிள்ளைகள் ஏறி நின்றால் அது வளைந்தே கொடுக்காது. உலகத்தில் எதுவும் தனக்கு அளவில்லை என்றுதான் அதைச் செய்தார். இப்போது அந்த அளவுக்கு உலகத்தில் ஆள் இல்லை. நான் கொண்டுபோகிறேன் என்று கேட்டு வாங்கி பஸ்ஸில் ஏற்றி வந்தேன்.

நேற்று முதல் பனி விழுந்தது. மேலே புது வீட்டுக்காரரின் பிள்ளைகள் கூத்தாடினார்கள், எனக்கும் இருக்க முடியவில்லை. கராஜுக்குப் போய்க் கதிரைகளை இறக்கிவைத்து, சூட்டுப் பாய்களை விரித்துச் சுவிட்சைப் போட்டேன். பசையும் இல்லை, பலகையும் இல்லை. கையை வைத்தேன். சூடு வந்தது. அணைத்துவிட்டு, அது ஆறும்வரை பழைய இடத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். விடுவமோ என்று கேட்க எதிரே ஆள் இல்லை. எனக்கு அண்ணியைத் தேடுகிறது. அவ்வளவுதான், வேறு எப்படியும் அதைச் சொல்லத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அறைக் கதவு திறந்தே இருந்தது. பசைக் கட்டி அதன் இடத்தில், அகப்பை நட்டபடி. அதற்குப் பின்னால் சுவரில் சாய்த்து அந்தச் சோடி. போன கிழமை வந்த ஒருவர் இரண்டையும் பார்த்தார். கட்டியைப் பற்றிக் கேட்டார், அல்வா என்று சொல்லிச் சமாளித்தேன். பிறகு ஸ்கீயைக் காட்டி, இதில் யாராவது ஓடுகிறார்களா என்று கேட்டார்.

“கிடக்குது” என்றேன்.